நடுவில் ஒரு சாண்

உருகுவதற்கு ஓர் இரவு பிடிக்கும்.
உப்புநீரில் நனைத்த துணி சுற்றி
உறைபெட்டியிலிருந்து நேற்றே எடுத்து வைத்தேன்.
பதினான்கு. இடது. பெண். எண்பத்து மூன்று.
இதற்கு மேல் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
நானும் கேட்பதில்லை.

ட்ரான்ட்ஹைமில் ஜனவரி; பத்து மணிக்குத்தான் வெளுக்கும்.
குழல்விளக்கின் கீழே
எலும்பு வெள்ளையாக இல்லை என்பது
புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் ஏமாற்றம்.
பழைய பியானோக் கட்டையின் நிறம்,
கையுறையில் ஒட்டும் கொஞ்சம் பிசுக்கு.

இடுப்பு மாற்றியபோது இறக்கிய டைட்டேனியத் தண்டு
இன்னும் உள்ளே இருக்கிறது.
அதைச் சுற்றி எலும்பு மெலிந்துபோயிருக்கிறது.
பாரத்தைத் தண்டு வாங்கிக்கொண்ட நாள் முதல்
வேலையில்லாத எலும்பு
யாரிடமும் சொல்லாமல்
கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைக் காலி செய்யும்.
பிறகு தண்டு முடிகிற நுனியில்
மொத்தச் சுமையும் திடீரென்று அதன் தலையில்.
விறைப்பு தீர்ந்து வளைவு தொடங்கும் அந்த விளிம்பு,
அங்கேதான் உடையும் என்று
சீவெர்ட்டின் கணினி சிவப்புப் பூசி வைத்திருந்தது.

கீழ்முனையைப் பிசினில் ஊன்றினேன்.
நகக்கண் அளவு உணரிகள் ஒன்பது ஒட்டினேன்.
நடக்கும்போது தொடையின் மேல் இறங்குவது
உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு.
தடுக்கி, விழாமல் சமாளிக்கும்போது
எட்டு வரைக்கும் போகலாம்.
விழாமல் இருப்பதற்குத்தான் அதிகம் செலவாகிறது.

இயந்திரம் அழுத்தியது, கூடவே முறுக்கியது.
காய்ந்த சுள்ளியின் சத்தம் என்று நினைப்பீர்கள்.
இல்லை.
உறைந்த ஏரியின் அக்கரையில்
பனித்தகடு வாய் பிளக்கும் ஓசை.
ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
கேமரா மூடுவதில்லை.

படம் படமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தோம்.
சுருளாக ஏறிய விரிசல்
சிவப்பில் தொடங்கவில்லை.
நுனிக்கு மூன்று விரல் கீழே, வெளிப்பக்கம்,
குண்டூசித் தலையளவு ஒரு வெளிறல்.
எப்போதோ அங்கே ஒரு திருகு இருந்திருக்கிறது.
எப்போதோ ஒருவர் அதைக் கழற்றியிருக்கிறார்.
வெளித்தோல் மூடிக்கொண்டது. உள்ளே மூடவில்லை.
அந்தப் பொட்டு ஸ்கேனில் இருந்தது;
வலையைச் சீராக்கும்போது
கணினி அதை இஸ்திரி போட்டுவிட்டது.

எந்த மலைச்சரிவு, எந்த மாடிப்படி,
எந்த வயதில் விழுந்தாள்,
குறிப்பில் ஒன்றுமில்லை.
எலும்பு மட்டும் மறக்கவில்லை
என்று எழுத வந்த கையை நிறுத்தினேன்.
எலும்புக்கு நினைவு கிடையாது.
துளை இருந்தது. அவ்வளவுதான்.

“இது விதிவிலக்கு, கணக்கில் விட்டுவிடலாமா?” என்றான் சீவெர்ட்.
“எழுது,” என்றேன்.
சத்தம் அதிகமாகிவிட்டது போல.
அவன் காப்பி எடுக்கப் போனான்.

மாலை மூன்றரைக்கே இருட்டு.
கீழ்வீட்டு ஓத்வார்
கடப்பாரையால் படியின் பனியை வெட்டிக்கொண்டிருந்தார்.
இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று,
ஒரே காலில் இரண்டு உலோகம்.
கையை விரித்துத் தொடையில் வைத்துக் காட்டினார்:
“இந்த ஒரு சாண்தான் இன்னும் எனக்குச் சொந்தம்.”

அந்த ஒரு சாணைத்தான் பகலெல்லாம்
உடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.
மேலே ஒரு நுனி, கீழே ஒரு நுனி,
இரண்டும் நெருங்க நெருங்க
இடையில் மிஞ்சுவது எவ்வளவு தாங்கும் என்ற அட்டவணை
என் பையில் இருந்தது.
கடப்பாரையைக் கேட்டேன். தர மறுத்தார்.
சரளைக்கல் வாளியைத் தூக்கி
படியிலிருந்து தபால்பெட்டி வரை கொட்டினேன்.
“என்ன இது, கடற்கரையா?” என்று சத்தம் போட்டார்.

வாளியை வைக்கத் திரும்பியபோது
கொட்டாமல் விட்ட ஒரே இடத்தில்
என் கால் வழுக்கியது.
விழவில்லை.
“எட்டு,” என்றேன் வாய்விட்டு.
என்ன எட்டு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.